பட்டியலில் இல்லாத அறை

அதை மட்டும் எழுதாதே. கடிகார அருங்காட்சியகத்தை எழுது, நீரேற்று நிலையத்தை எழுது, கிளிஞ்சல் மாளிகையைக்கூட எழுதித் தொலை, பாவம், அங்கேயும் நாலு பேர் போகட்டும். அதை மட்டும் எழுதாதே. எழுதிவிட்டால் அப்புறம் நீ எங்கே போவாய்?

மனசுக்குள் இப்படித் தன்னையே அதட்டிக்கொண்டு, வெளியில் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, அவள் திங்கட்கிழமை காலை உலாப் பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

மாநாடுகளுக்கு ஏற்பாடு செய்து தருகிற அலுவலகம் அது. மேடையையும் மைக்கையும் ஒருவர் பார்த்துக்கொண்டார், தங்கும் அறைகளை ஒருவர், சாப்பாட்டை ஒருவர். வந்த விருந்தாளிகளை மத்தியானத்துக்கு மேல் எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய், எதையாவது காட்டி, ஒருத்தரையும் தொலைக்காமல் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது அவள் வேலை. பதினோரு வருஷமாகப் பல் மருத்துவர்களை மேய்த்திருக்கிறாள், பாலம் கட்டுகிறவர்களை மேய்த்திருக்கிறாள், மண் ஆராய்ச்சிக்காரர்களை மேய்த்திருக்கிறாள். மண் ஆராய்ச்சிக்காரர்கள்தான் சுலபம். எங்கே இறக்கிவிட்டாலும் கீழே பார்த்துக்கொண்டு சந்தோஷமாக நடப்பார்கள்.

ஓர் இடத்தைப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன்னால் அவளே தனியாகப் போய் ஒரு வெள்ளோட்டம் பார்த்துவிடுவாள். எத்தனை படி, எத்தனை கழிப்பறை, உட்கார எத்தனை பெஞ்சு, எந்தக் காவலாளி முன்கோபி, எந்த ஜன்னலில் வெயில் அடிக்கும் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வாள். எவ்வளவு பெரிய அறிவாளியாக இருந்தாலும் முட்டி எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் வலிக்கும் என்பது அவள் அனுபவத்தில் கண்ட உண்மை.

அவள் தயாரிக்கிற இரண்டு பக்கத் தாளைத்தான் ஊரிலிருக்கிற ஹோட்டல்கள் வாங்கி நகலெடுத்து வரவேற்பு மேசையில் வைத்தன. அந்த நகலைப் பார்த்து டாக்ஸிக்காரர்கள் மனப்பாடம் செய்தார்கள். ஊரில் பார்க்க வேண்டிய இடம் எது என்பதை ஊர் தீர்மானிக்கவில்லை, அவளுடைய பத்து விரல்கள் தீர்மானித்தன. இது அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவளுக்கே நாலு வருஷத்துக்கு முன்னால்தான் உறைத்தது, வெள்ளோட்டம் பார்த்த ஓர் இடத்தைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டபோது.

அந்த இடம் கம்பளிக் கிடங்கு. சந்தைக்குப் பின்னால், சைக்கிள் பழுது பார்க்கும் கடையை ஒட்டி ஒரு பச்சைக் கதவு. கதவில் 'பார்வை நேரம் 11 முதல் 3 வரை' என்று மட்டும் எழுதியிருக்கும், எதைப் பார்ப்பது என்று எழுதியிருக்காது. எப்போதோ மூடிப்போன போர்வை ஆலையின் மாதிரித் துணிகளை நகராட்சி அங்கே மூன்று அறைகளில் மாட்டி வைத்திருந்தது. முதல் இரண்டு அறைகளும் சும்மா. மூன்றாவதில்தான் விஷயம். சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரைக்கும், ஒன்றின் மேல் ஒன்றாகக் கம்பளிப் போர்வைகள். ஈரம் ஏறாமல் இருக்கத் தரையில் தடித்த கம்பளி விரிப்பு. நடுவில் ஒரே ஒரு பெஞ்சு.

முதல் நாள் நோட்டைப் பிரித்து, 'பெஞ்சு ஒன்று' என்று எழுதப் போனவள், பேனா காகிதத்தில் உரசுகிற சத்தத்தைக் கேட்டுத் திடுக்கிட்டாள். இத்தனை வருஷம் எழுதியிருக்கிறாள், பேனாவுக்குச் சத்தம் உண்டென்று தெரியாது. எழுதுவதை நிறுத்தினாள். அப்புறம், தான் எச்சில் விழுங்குவது கேட்டது. அதற்கப்புறம் எதுவுமே கேட்கவில்லை. சந்தை இல்லை, சைக்கிள் கடைச் சுத்தியல் இல்லை. யாரோ உலகத்தின் வாயை மென்மையாகப் பொத்திவிட்ட மாதிரி இருந்தது. பயந்துபோய் வெளியே ஓடி வந்தாள். அடுத்த புதன்கிழமை மத்தியானம் தானாகவே திரும்பிப் போனாள். அதற்கடுத்த புதனும் போனாள்.

அவள் வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. சத்தக்காரர்கள், அவ்வளவுதான். மாமியாருக்குக் காது கொஞ்சம் மந்தம், டிவிக்கு அந்தக் குறை கிடையாது. கணவர் செய்தித்தாளை வாய்விட்டுப் படிக்கிற பழக்கமுள்ளவர், அதுவும் கருத்துரையோடு. பெண்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையிலிருந்து சண்டை போடுவார்கள், ஒரே அறையில் நின்று போட்டால் சுவாரசியம் இல்லையாம். மேல் வீட்டுக்காரர்கள் நாற்காலிகளை இழுத்து விளையாடுவதற்காகவே வாங்கியிருந்தார்கள். இவ்வளவுக்கும் நடுவில் அவள் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இடைவெளி பார்த்து நுழைய வேண்டும். சாலையைக் கடக்கிற மாதிரி. அவள் நல்ல சுபாவம், பொறுமைசாலி, எதற்கும் மறுத்துப் பேச மாட்டாள் என்று உறவில் பெயர். வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தால்கூட, வேலையில் பழகிய பழக்கத்தில், 'அன்னைக்குத்தான் ஆடிட் வருதாம்' என்று ஒரு காரணத்தை மடித்துக் கொடுத்துவிடுவாள். காரணம் இல்லாமல் வேண்டாம் என்று சொன்னதாக அவளுக்கு நினைவில்லை.

பெரியவள் கணிதம் படிப்பதா, வேண்டாமா என்று வீடே ஒரு மாதம் கத்தியபோது, எல்லோரும் அவளிடம், நீ என்ன சொல்றே என்று கேட்டார்கள். அவளிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. மூன்றாவது புதன்கிழமை, அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதுதான், தனக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிறதென்று தெரிந்தது. அதைவிட ஆச்சரியம், உள்ளே ஒருத்தி இருந்தாள், அவ்வளவு நல்ல சுபாவம் இல்லாதவள், கேலிக்காரி. நாத்தனாரின் புதுச் சோபாவைப் பற்றி அவள் சொன்னதைக் கேட்டு இவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரிப்புச் சத்தம் ஓர் அடிகூட நகராமல் மடியிலேயே விழுந்தது.

ஆகவே பட்டியலில் இந்த வருஷமும் ஆறு இடம்தான்.

"ஏம்மா, உலாப் பட்டியல் என்னாச்சு? உடனே வேணும்," என்று மேலாளர் வந்து நின்றார். எதுவானாலும் உடனே வேண்டும் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு 'உடனே சார்' என்று பெயர்.

"ரெடி சார்."

"ஆறுதானா? போன வருஷமும் ஆறுதானே. ஊர் வளரவே இல்லையா?"

"ஊர் வளருது சார். அருங்காட்சியகம்தான் வளரல."

"சரி சரி. இவங்க பெரிய ஆளுங்க, பாத்துக்க. சத்தத்துல டாக்டர் பட்டம் வாங்கினவங்க."

அதுதான் சிக்கல். வரப்போகிற முப்பத்தெட்டு பேரும் ஒலியியல் பொறியாளர்கள். அரங்கம் கட்டினால் பேச்சு கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும், ஆஸ்பத்திரி கட்டினால் பக்கத்து அறை இருமல் கேட்கக் கூடாது. அதற்கெல்லாம் கணக்குப் போட்டுத் தருகிறவர்கள். பல் மருத்துவர்கள் அந்த மூன்றாவது அறைக்குப் போனால் போர்வையைப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். இவர்கள் போனால் வர மாட்டார்கள். கருவியை வைத்து அளப்பார்கள், கட்டுரை எழுதுவார்கள், கட்டுரையைப் படித்துவிட்டு இன்னும் நாற்பது பேர் வருவார்கள். அப்புறம் அந்தப் பெஞ்சுக்கு முன்பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை முதல் உலா. கடிகார அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, கோஷ்டிக்குத் தலைவியாக வந்த பேராசிரியை, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த அறுபது வயது அம்மாள், கூரையை அண்ணாந்து பார்த்து, 'டப்' என்று ஒரே ஒரு கை தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். பின்னால் வந்தவர் அவர் பங்குக்கு ஒன்று தட்டினார். அப்புறம் ஆளுக்கு ஒன்று. அறை எப்படி எதிரொலிக்கிறது என்று பார்க்கிறார்களாம். நம்மில் சிலர் புது வீட்டுக்குப் போனால் குழாயைத் திறந்து பார்க்க மாட்டோமா, அதுபோல.

இது அங்கே விளக்கம் சொல்ல நின்றிருந்த கடிகாரக்காரருக்குத் தெரியாது. முப்பது வருஷமாக ஒரே பேச்சைப் பேசி, ஒரு கை தட்டல்கூட வாங்காதவர். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே முப்பத்தெட்டு பேர் தட்டுகிறார்கள். நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். கண் கலங்கிவிட்டது. வழக்கமாக யாருக்கும் காட்டாத சாவிக்கொத்தை எடுத்து வந்து, அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த கடிகாரங்களையெல்லாம் ஒவ்வொன்றாக முடுக்கிவிட்டார். அடுத்த அறைக்குப் போனால் மறுபடி தட்டல், மறுபடி வணக்கம், மறுபடி கதை. நாற்பது நிமிஷ இடம் ஒன்றேகால் மணி நேரமாயிற்று.

வெளியே ஓடி வந்தவளிடம் பஸ் டிரைவர் கேட்டார். "என்ன தங்கச்சி, உள்ள கச்சேரியா?"

அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அட, அப்படியா. காலையில என் வண்டியில ஏறினப்பவும் தட்டினாங்க. நான் கொசுன்னு நெனச்சு மருந்து அடிச்சுட்டேன்."

"அண்ணே, நெசமாவா?"

"பின்ன? அந்தக் குட்டை முடி அம்மா ரெண்டு தும்மல் போட்டுச்சே, பாக்கல?" அந்த நிமிஷத்திலிருந்து டிரைவர் அண்ணன் பேராசிரியைக்குக் 'கைதட்டி அம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்.

நீரேற்று நிலையத்தில் கதை வேறு மாதிரி போயிற்று. நூறு வருஷத்துப் பித்தளைப் பம்புகள், ஆள் உயரச் சக்கரம், எல்லாவற்றையும் ஐந்தே நிமிஷத்தில் கடந்து, படியிறங்கி, காலியாகக் கிடக்கிற பழைய நிலத்தடித் தொட்டிக்குள் போனார்கள். அது பட்டியலில் ஒரு வரி. 'தொட்டியும் காணலாம்' என்று போனால் போகிறதென்று அவள் எழுதியது. கைதட்டி அம்மா நடுவில் போய் நின்று ஒன்று தட்டினார்.

சத்தம் ஒரு தூணில் பட்டு, இன்னொரு தூணைச் சுற்றி, தூரத்து மூலைக்குப் போய், அங்கே யாரையோ பார்த்துப் பேசிவிட்டுத் திரும்பி வந்தது. பதினோரு விநாடி. அப்புறம் முப்பத்தெட்டு வளர்ந்த மனிதர்களும் ஐஸ்கிரீம் கண்ட குழந்தைகள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் முனகினார், ஒருவர் சீழ்க்கை அடித்தார். ஒருவர் தற்செயலாக இருமியதை ஏழு பேர் கடிகாரம் பார்த்து அளந்தார்கள். மேலே வாருங்கள், கிளிஞ்சல் மாளிகை மூடிவிடும் என்று அவள் கெஞ்சியதுகூடப் பதினோரு விநாடி எதிரொலித்து, அதையும் அவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

கிளிஞ்சல் மாளிகை அன்றைக்கும் யாரும் போகாத இடமாகவே இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் மாநாட்டில் கட்டுரைகள், உலா கிடையாது. பன்னிரண்டரைக்கு அவள் பையை எடுத்துக்கொண்டு, பேங்க் வரைக்கும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பச்சைக் கதவுக்குள் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் அக்கா, வாரப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து கண்ணை எடுக்காமல், "வாம்மா புதன்கிழமை," என்றாள். நாலு வருஷமாகியும் பேர் கேட்டதில்லை. கிழமை போதும் அவளுக்கு.

"யாரும் வந்தாங்களாக்கா?"

"போன மாசம் மொத்தம் பதினாலு பேரு. அதுல நாலு நீ. ரெண்டு மழைக்கு ஒதுங்கினது. ஒருத்தர் கழிப்பறை எங்கன்னு கேட்டாரு, அதையும் சேத்துக்கிட்டேன்."

"இப்படியே போனா மூடிட மாட்டாங்களா?"

"நகராட்சிக்கு இது இருக்கறதே மறந்து போச்சு. மூடணும்னா முதல்ல ஞாபகம் வரணுமில்ல?" அக்கா பென்சிலைக் காதில் செருகினாள். "கூட்டம் வந்தா என்ன ஆகும் தெரியுமா? போர்வையத் தொட்டுப் பாப்பாங்க. தொட்டா நான் எந்திரிக்கணும். ஏன் அந்த வம்பு?"

அக்காவுக்குக் கூட்டம் வேண்டாம், சரி. ஆனால் ஊருக்கு? உள்ளே பெஞ்சில் உட்கார்ந்த பிறகு அவளுக்கு அந்த யோசனைதான் வந்தது. நீ செய்வது பதுக்கல் இல்லையா? ஊர்ச் சொத்தை ஒருத்தி புடவைத் தலைப்பில் முடிந்து வைத்துக்கொள்வது நியாயமா? உன்னைப் போலவே இடைவெளி கிடைக்காதவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்? கேள்வி சரியான கேள்விதான். அவள் அந்தக் கேள்வியை அப்படியே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். இங்கே அதுதான் வசதி. ஒரு கேள்விக்கு உடனே பதில் சொல்லியாக வேண்டும் என்கிற அவசரம் கிடையாது.

கொஞ்ச நேரத்தில் தன் இதயம் அடிப்பது கேட்டது. ஒரு நாள் இப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான், கணவர் செய்தித்தாள் படிக்கிற குரல் தனக்குப் பிடிக்கும் என்று கண்டுபிடித்தாள். இருபத்தொரு வருஷக் கல்யாணத்தில் அது வீட்டில் வைத்துத் தெரியவரவில்லை. எதிரே இருக்கும்போது குரல் மேலே விழுகிறது, விலகி வந்தால்தான் காதில் விழுகிறது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய், அவர் படித்த விலைவாசித் தலையங்கத்தை முழுசாகக் கேட்டாள். அவர் சந்தேகத்தோடு, "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

இரண்டு மணிக்கு மாநாட்டு மண்டபத்துக்குத் திரும்பினால், டீ மேசைக்குப் பக்கத்தில் உடனே சார் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதையாப் போச்சும்மா. நாளைக்கு ஓவியக் கூடம் கிடையாதாம். கூரை ஒழுகி, படத்தையெல்லாம் கழட்டி வெச்சுட்டாங்களாம். வேற ஒரு இடம் சொல்லு. உடனே."

"தொட்டிக்கே அனுப்பிடுங்க சார்," என்றாள்.

"என்ன? வாயைத் திறந்து சொல்லு. ஒண்ணும் கேக்கல."

"நேத்துப் போன தொட்டிக்கே சார். முழு மத்தியானமும்."

"ஒரே இடத்துக்கு ரெண்டு தடவையா? சிரிக்க மாட்டாங்க?"

"அழுவாங்க சார். சந்தோஷத்துல."

உடனே சார் காதை அவள் வாயருகே கொண்டுவந்து கேட்டுக்கொண்டு போனார். கைதட்டி அம்மா டீக் கோப்பையோடு இரண்டடி தள்ளி நின்றிருந்தார். அவளைப் பார்த்தார். அப்புறம், எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் எல்லாம் அவள் சொன்னபடியே நடந்தது. தொட்டிக்குள் முப்பத்தேழு பேர் இறங்கியவர்கள் இறங்கியவர்கள்தான். பலூன்களை ஊதி ஊதி உடைத்தார்கள். அளப்பதற்கு அதுதான் உத்தமமாம். மேலே பம்பு அறையின் காவலாளி ஒவ்வொரு வெடிக்கும் ஒரு தடவை குதித்துவிட்டு, பிறகு பழகிப்போய் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் அண்ணன் பஸ்ஸில் தூங்கினார். அவள் வாசலில் இருந்த கல் மேடையில் உட்கார்ந்து, திரும்பிப் போக வேண்டிய நேரத்துக்குப் பேர்ப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்தெட்டாவது ஆள் படியேறி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க கீழ போகலையா மேடம்?"

"அவங்க உடைக்கட்டும். எனக்கு வயசாச்சு." கைதட்டி அம்மா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு கேக்கணும். நேத்து மத்தியானம் ஒரு மணிக்கு எங்க இருந்த?"

"பேங்க்ல."

"பேங்க்லேர்ந்து வர்றவங்க கத்திப் பேசுவாங்கம்மா." குற்றம் சாட்டுகிற தொனி இல்லை, ஒரு விவரத்தைச் சொல்கிற தொனிதான். "சத்தமான இடத்துலேர்ந்து வந்தா குரல் கொஞ்ச நேரத்துக்கு மேலயே நிக்கும். ரொம்ப அமைதியான இடத்துலேர்ந்து வந்தா கீழயே நிக்கும். உங்க சாரு உன் வாயில காதை வெச்சுக் கேட்டாரே, நான் நேரம் பாத்தேன். இருபத்திரண்டு நிமிஷம் கழிச்சுத்தான் உன் குரல் பழையபடி ஆச்சு. சாதாரண அமைதிக்கு இருபத்திரண்டு நிமிஷம் ஆகாது."

அவள் பேனாவை மூடினாள். முழுப் பூசணிக்காயை மறைத்துவிட்டோம் என்று நினைத்திருந்தவளுக்கு, காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது. நாலு வருஷமாகக் கணவரிடமிருந்தும், மாமியாரிடமிருந்தும், உடனே சாரிடமிருந்தும் காப்பாற்றி வைத்ததை, மூன்று நாள் பழகிய ஒருவர் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். பயமாக இருந்தது. கூடவே, வெட்கப்படும்படி, கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது. தன் குரல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதென்று ஒருவர் இருபத்திரண்டு நிமிஷம் கவனித்திருக்கிறார்.

"அந்த மாதிரி அறையை நாங்க கோடிக்கணக்குல செலவு பண்ணி இரும்புலயும் பஞ்சுலயும் கட்டுறோம்," என்றார் கைதட்டி அம்மா. "கட்டாம தானா அமைஞ்சது என் வாழ்க்கையில நாலுதான் பாத்திருக்கேன். இந்த ஊர்ல ஒண்ணு இருக்குன்னா, நாளைக்குக் காலையில கடைசிக் கூட்டத்துல சொல்லி, எல்லாரும் போய் ஒரு அரை மணி நேரம்..."

"முப்பத்தெட்டு பேருமா?"

"சத்தம் போட மாட்டாங்க."

கீழே ஒரு பலூன் வெடித்தது. அந்தச் சத்தம் அடங்கப் பதினோரு விநாடி ஆயிற்று. கைதட்டி அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, அவங்க வேண்டாம்," என்றார். "எனக்கு மட்டும் சொல்லு. நாளைக்குச் சாயங்காலம்தான் விமானம். கருவி எதுவும் எடுத்துட்டு வரல. எழுதவும் மாட்டேன், யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன். முப்பத்தஞ்சு வருஷமா அடுத்தவங்களுக்கு அமைதி கட்டிக் குடுத்துட்டிருக்கேம்மா. என் வீடு எங்க இருக்கு தெரியுமா? ரயில் பாதைக்குப் பக்கத்துல." சொல்லிவிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். தட்டித் தட்டிக் காய்த்துப்போன உள்ளங்கை. "ஒரு கால் மணி நேரம் உக்காந்துட்டு வந்துடுவேன்."

சொன்னால் சொன்னபடி செய்வார் என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் கஷ்டம். முப்பத்தெட்டு பேரை வேண்டாம் என்பதில் கஷ்டமே இல்லை. அது ஒரு கூட்டம். இது ரயில் பாதைக்குப் பக்கத்தில் குடியிருக்கிற ஒரு பெண். அவள் அந்த அறையை மனசில் கொண்டுவந்து, அந்தப் பெஞ்சில் இந்தக் குட்டை முடி அம்மாவை உட்கார வைத்துப் பார்த்தாள். ஓரமாக, அடக்கமாக, கைகளை மடியில் வைத்துக்கொண்டு நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார். எந்தப் போர்வையையும் தொடவில்லை. ஆனால் அடுத்த புதன்கிழமை அவள் உள்ளே போகும்போதும் அவர் அங்கே உட்கார்ந்திருப்பார். அதற்கடுத்த புதனும். என்ன நினைத்தாள் என்று கேட்க மாட்டார், ஆனால் கேட்கக்கூடியவராக இருப்பார். கேலிக்காரி வாயை மூடிக்கொள்வாள். பக்கத்தில் ஆள் இருக்கும்போது அவள் பேசியதே இல்லை.

வீட்டில் எதைப் பங்கு போடவில்லை? தட்டை, தலையணையை, ஞாயிற்றுக்கிழமையை, தலைவலித் தைலத்தை. பங்கு போட்டதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. இது ஒன்று மிச்சம்.

காரணங்கள் வரிசையாக வந்து நாக்கு நுனியில் நின்றன. பராமரிப்பு வேலை நடக்குது மேடம். சாவி வெளியூர்ல இருக்கு. அது என் சிநேகிதி வீட்டுப் பூஜை ரூம்தான், நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. பதினோரு வருஷத் தொழில், ஒன்றைவிட ஒன்று நம்பும்படியாக இருந்தது. எதைச் சொன்னாலும் அம்மாள் தலையாட்டி ஏற்றுக்கொள்வார், குரலைக் கேட்டுப் பொய் என்று தெரிந்துகொண்ட பிறகும் மரியாதைக்காக ஏற்றுக்கொள்வார். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினாள்.

"அந்த மாதிரி ஒரு இடம் இருக்கு மேடம்," என்றாள். அவள் குரல் உயரவும் இல்லை, இறங்கவும் இல்லை. "நான் சொல்ல மாட்டேன்."

கைதட்டி அம்மா தலையைச் சாய்த்தார், பின்னாலேயே ஒரு காரணம் வரும் என்று காத்திருக்கிற மாதிரி. அவள் வேறு எதுவும் சொல்லவில்லை.